பீர்க்கன்கரணை மொட்டை மாடியில் ஒரு ஸ்பிரிட் அடுப்புப் பரிசோதனை

1

முதலில் ஒரு உண்மை. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி வெயிலில் துணி எடுக்க மாடிக்குப் போனேன். பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் ஐம்பதைக் கடந்த கணவனும் மனைவியும் ஒரு சின்னப் பாத்திரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு. நெருப்பு எங்கும் தெரியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

அவளுக்கு அபிதகுஜாம்பாள் என்று பெயர் வைத்தேன். (பாதி வரியை அடைத்துக்கொள்கிறது, இனி அபிதா.) பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் வைத்தீஸ்வரன். காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வு அதிகாரி. நொறுங்கிய காரைப் பார்த்துவிட்டு, “இது முன்னாடியே இருந்த கீறல்” என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

‘இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அபிதா ஒரு முறைகூடத் தனியாக வெளியூர்’

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கண்ணீர் வாசனை அடித்தது. அபிதா அழுகிற ஆள் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

வரும் சனிக்கிழமை பள்ளி டீச்சர்கள் ஆறு பேர் ஏலகிரிக்குப் போகிறார்கள். கூடாரத்தில் இரண்டு இரவு. ஏற்பாடு விளையாட்டு டீச்சர் ஜோசலின். “அவங்கவங்க டீ அவங்கவங்க பொறுப்பு மிஸ்” என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அடுப்பை அபிதாவிடம் கொடுத்திருந்தாள். சின்னக் கிண்ணம், விளிம்பைச் சுற்றி ஓட்டைகள். மூன்று மூடி ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் போதும். காற்றுக்கு மறைப்பாக மடக்குகிற தகடு.

வைத்தீஸ்வரன் அதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இது அடுப்பா? நான் ஏதோ குங்குமச் சிமிழ்னு நினைச்சேன்.”

“எடை எண்பது கிராம்.”

“ஒரு ஊது ஊதினா எண்பது கிராமும் பறந்துடும். மலைக் காத்துல என்ன பண்ணுவே?”

‘போகாதே’ என்று சொல்லத் தெரியாத கணவர்கள் அடுப்பைக் குறை சொல்வார்கள். அவர் நிபந்தனை போட்டார்.

“மொட்டை மாடியில ஏரிக் காத்து அடிக்குது இல்ல? அங்க பத்து நிமிஷத்துல கொதிக்கணும். நடுவுல அணையக் கூடாது. அணைஞ்சா ஏலகிரி கிடையாது.”

“சரி. மாடிக்கு வாங்க” என்றாள் அபிதா.

3

ஸ்பிரிட் ஊற்றித் தீக்குச்சி கிழித்தாள்.

“பத்தவே இல்லையே” என்றார்.

“பத்திடுச்சு.”

“எங்க?”

“வெயில்ல ஸ்பிரிட் நெருப்பு தெரியாது. ஜோசலின் மிஸ் சொன்னாங்க.”

“தெரியாத நெருப்பா? அபி, நான் எத்தனை க்ளெய்ம் பார்த்திருக்கேன்...” என்று விரலை நீட்டியவர், “ஆ!” என்று கையை உதறினார்.

“க்ளெய்ம் போடுங்க” என்றாள்.

(இந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் எரிவது எது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் நாவல்களைப் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். மற்றவர்கள் தப்பித்தார்கள்.)

அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கினாள். அப்போதுதான் அவர் அந்தக் கையாலேயே தடுத்தார்.

“தண்ணியா? புது அடுப்பு அபி. முதல்ல பால்.”

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதும் பால். இண்டக்‌ஷன் வாங்கியபோதும் பால். மகனின் ஹாஸ்டல் கெட்டிலில்கூடப் பால் காய்ச்சி அதைப் பாழாக்கியவர். அபிதாவுக்கும் அது சரியாகவே பட்டது. முதல் முதலில் வெறும் தண்ணீரை வைக்க அவளுக்குமே கை வரவில்லை. கிண்ணத்தைத் தகட்டால் மூடி நெருப்பை அணைத்தாள். அவர் இரண்டு மாடி இறங்கி ஏறி, மூச்சிரைக்கப் பால் பாக்கெட்டுடன் வந்தார்.

“கழுத்து வரைக்கும் ஊத்து. பொங்க வேண்டாமா?”

4

அடுப்பு ஆறிய பிறகு மறுபடி ஸ்பிரிட் ஊற்றி, பற்றவைத்து, தகட்டைச் சுற்றி நிறுத்தினாள். அவர் கடிகாரத்தை அழுத்தினார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கொடியில் என் போர்வையைத் தூக்கியது. தகடு நடுங்கியது, விழவில்லை.

நான்கு நிமிடம். ஆறு. பாலின் ஓரத்தில் முத்து முத்தாக நுரை.

“ஏழு” என்றார். குரலில் ஒரு சுருதி குறைந்திருந்தது.

எட்டே முக்காலில் பால் எழும்பியது. “பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் கையைக்கூடக் கூப்பிவிட்டார். நுரை பாத்திரத்தின் நான்கு பக்கமும் வழிந்து அடுப்புக் கிண்ணத்துக்குள் இறங்கியது.

உஸ்ஸ்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“அணைஞ்சிடுச்சே” என்றார்.

“கொதிச்சுதானே அணைஞ்சுது!”

“அணைஞ்சது அணைஞ்சதுதான்.”

“பாலை ஊத்தச் சொன்னது யாரு? கழுத்து வரைக்கும் ஊத்துன்னது யாரு?”

“புது அடுப்புல வேற என்ன ஊத்தறது?”

5

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். வைத்தீஸ்வரன் தெரிந்தே செய்தாரா? ‘அவர் உள்ளுக்குள் சிரித்துக்’ என்று எழுதினேன், அடித்தேன். பால் பொங்கியதும் அப்படிக் கை கூப்பியவருக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் முன்னாடியே இருந்த கீறலைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். எனக்கே தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்று: அவர் மனம் மாறி, சனிக்கிழமை விடிகாலையில் தாம்பரம் ஸ்டேஷன் வரை பை தூக்கிக்கொண்டு வருகிறார். ரயில் நகரும்போது கையசைக்கிறார். எனக்குப் பழகிய முடிவு, தூக்கத்திலும் எழுதுவேன். இன்னொன்று: அபிதா ஜோசலினுக்கு ‘வரலை மிஸ்’ என்று

இல்லை. எழுதமாட்டேன்.

6

எனவே அவர் வாயால் ஒரு தீர்ப்புச் சொல்ல வைக்கலாம் என்று முடிவு செய்தேன். மேற்கோள் குறியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாஸா ஃபெயிலா என்று யோசித்தேன்.

அதற்குள் அபிதா மிச்சமிருந்த பாலை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டாள். தன்னுடையதைக் குடித்தாள். அடுப்பு ஆறியதும் துப்பட்டா நுனியால் துடைத்தாள். தகட்டை நான்காக மடித்தாள். செல்போனை எடுத்து ஜோசலினிடம், “மிஸ், எட்டே முக்கால் நிமிஷம். பால் மட்டும் வேண்டாம், பவுடர் எடுத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும்.

வைத்தீஸ்வரன் இன்னும் மாடியில்தான் இருக்கிறார். டம்ளர் கையில். அவள் கடைசிப் படியில் இருக்கிறாள். இவர் பேசினால் காதில் விழும். குறியைத் திறந்தே வைத்திருக்கிறேன், அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். “சரி, போயிட்டு வா” மட்டும் வேண்டாம். அவள் அனுமதி கேட்கவில்லை.

“அபி,