தட்டு வைத்ததும் சாப்பிட்டாயிற்று

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, அக்காவின் கோபத்தில் பிறந்தது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததில் அத்தானுக்குக் குரல் போய்விட்டது. அதற்கு முன்பே, பிறக்கவிருந்த மகளுக்காகப் பேசி ஒரு கணினி டிஸ்க்கில் பதிவு செய்து, அதைப் பூட்டி வைத்திருந்தார். சாவி ஒரு நீண்ட எழுத்துத் தொடர். மயக்கம் தெளிந்தபோது அதில் பாதிதான் நினைவில் இருந்தது. மீதியை, நான் ஓடவிட்ட ஒரு கணினி நிரல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேடுகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திரையில் எண்கள் மழையாகப் பொழிய—’

(வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிதான் ஓடியது.)

நிரலுக்கு மூன்று கோப்புகள். எங்கே தேடவேண்டும் என்பது ஒன்றில். எந்தப் பகுதி முடிந்தது என்பது இன்னொன்றில். சாவி கிடைத்தால் எழுதிவைக்க மூன்றாவது, அது காலி. இன்று காலை திரை சொன்னது: எல்லாம் முடிந்தது, சாவி இல்லை.

“அழிச்சிடுடா. அந்த டிஸ்க்கைப் பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சலா இருக்கு,” என்றாள் அக்கா.

3

அழிக்கும் முன் இரண்டாவது கோப்பை வரிவரியாகப் படித்தேன். ஒரு பகுதியைத் தேடக் கொடுத்த உடனேயே நிரல் அதை ‘முடிந்தது’ என்று எழுதிக்கொள்கிறது. (தட்டு வைத்ததுமே சாப்பிட்டாயிற்று என்று எழுதும் புத்திசாலி.) போன வாரம் மின்சாரம் போய் எந்திரம் அணைந்ததே, அப்போது கையிலிருந்த பகுதி? அதை முழுதாகத் தேடவே இல்லை.

“அக்கா, ஒரு துண்டு பாக்கி இருக்கு.”

“மறுபடியும் ஆசை காட்டாதே. நான் அழுது முடிச்சாச்சு.”

அத்தானை இங்கே வீரனாக்கப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘அதுலயும் இல்லேன்னா?’

அக்கா அதைப் படித்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்தாள்.

“இல்லேன்னா இல்ல. தேடாம விட்டோம்னு இருக்கக் கூடாது. போடுடா.”

4

அந்தத் துண்டை மட்டும் ஓட விட்டிருக்கிறேன்.

முடிவு ஒன்று: சாவி கிடைக்கிறது, மகள் அப்பாவின் குரலை— (எனக்கு ரொம்பப் பிடித்திருப்பதாலேயே இதில் நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: கோப்பு காலியாகவே

(கை வரவில்லை.)

நீங்கள் இதைப் படிக்கும்போது தேடல் முடிந்திருக்கும். மூன்றாவது கோப்பைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. அக்கா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அத்தான் ஸ்பீக்கர் வயரைச் செருகி, சத்தத்தை முழுதாகக் கூட்டி வைக்கிறார். நீங்களே திறந்து பாருங்கள். சாவி அதில் இல்லையென்றால், அத்தானிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.