தண்டில் வந்த பதில்

பூச்சிக்காரி என்பது அண்ணன் வைத்த பட்டம். போயும் போயும் புகையானுக்குக் காவல் இருக்கிறாளே தங்கை என்று அவனுக்கு ஆற்றாமை. எள்ளளவுதான் இருக்கும் அந்தப் பூச்சி. நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியே வயலைக் கருக்கிவிடும். ஊமையும் அல்ல. வயிற்றை அதிரவைத்துத் தண்டு வழியாக ஆண் கூப்பிடும், பெண் பதில் சொல்லும். நம் காதுக்கு எட்டாது. தண்டில் ஊசி பொருத்தி ஹெட்போனில் அதைக் கேட்பதுதான் அவள் வேலை.

அன்று விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் அவளும், விதைகள் வைக்கும் குளிர் அறைக் கதவின் உள்கைப்பிடியை மாற்ற வந்த மெக்கானிக் அண்ணனும்தான்.

"முடிஞ்சதும் அப்படியே கெளம்பிடுவேன். உன் பூச்சிங்ககிட்டயும் சொல்லிடு" என்றான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மேசைமேல் இருந்த நெற்பயிர்த் தொட்டியில் ஒரே ஒரு பெண் பூச்சி. கொஞ்ச நேரத்தில் தண்டில் சத்தம் வந்தது. வழக்கமான ரீங்காரம் இல்லை. தட், தட், கொஞ்சம் விட்டு, தட். இத்தனை வருஷத்தில் கேட்டிராத பாட்டு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பதிவு செய்து, மேசையில் பொருத்திய அதிர்வுக் கருவியில் திருப்பிப் போட்டாள். உடனே பதில் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி பதில், இன்னும் வேகமாக. சாப்பாட்டையும் மறந்து போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பதில் தளர்ந்தது, இடைவெளி நீண்டது.

களைத்துவிட்டதோ என்று லென்ஸை வைத்துப் பார்த்தாள். பூச்சி தொட்டித் தண்ணீரில் கால்களை மடக்கிக்கொண்டு மிதந்தது. சிறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. செத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். தண்டில் வேறு ஒன்றுமே இல்லை.

ஹெட்போனில் தட், தட் என்றது.

செத்தது பேசுகிறது என்றுதான் நினைத்தாள். படித்த படிப்பு எதுவும் அந்நேரம் துணைக்கு வரவில்லை. கையை மேசையில் ஊன்றினாள். மேசையும் அதிர்ந்தது. அது பின்சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறை.

ஓடினாள். கதவுக்கு வெளியே அவனுடைய கருவிப் பெட்டியும், அதன்மேல் அவன் போனும் இருந்தன. திறந்தபோது அண்ணன் சுவரோரம் சுருண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கழற்றிய கைப்பிடி மடியில் கிடந்தது. அவள் அழுதுகொண்டே அவன் கைகளைத் தேய்த்தாள்.

"கதவ ஒடச்சிருக்கலாமே அண்ணா."

"உள்ள இருக்குற இரும்பு ரேக்க வச்சு ஒடைக்கத்தான் இருந்தேன்" என்றான், பற்கள் தந்தியடிக்க. "அதுக்கு முன்னாடி சுவத்தத் தட்டிப் பாத்தேன். நீ பதிலுக்குத் தட்டினே. சரி, தங்கச்சி வந்துடுவான்னு உக்காந்துட்டேன். நீதான் விடாம தட்டிக்கிட்டே இருந்தியே."