இருபது டிகிரி சரிவு

விற்பனையாளர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. புல் வெட்டும் பெரிய டிராக்டரின் பானெட்டைத் தட்டித் தட்டி அவள் கணவனிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், இது எந்த மேட்டையும் அலுங்காம ஏறும். மேடம் உக்காந்து பாக்கணும்னா குஷன் போட்டுத் தரேன்."

மேடம் பதினான்கு வருடமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவள். கணவன் மருந்துக்கடை வைத்திருந்தான். கடையில் ஒரு சொட்டு மருந்து கூடக் கூடாது, குறையக் கூடாது. வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

"எத்தனை டிகிரி சரிவு வரைக்கும் ஓட்டலாம்?" என்று கேட்டாள்.

"டிகிரியெல்லாம் யாருங்க மேடம் பாக்கறாங்க?"

"நான் பாக்கறேன். இதோட புக்கைக் குடுங்க."

புத்தகம் பதினைந்துக்கு மேல் ஓட்டாதே என்றது. அவர்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரை இருபது. மூன்று மீட்டர் பலகையை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடித்து, பள்ளத்துப் பக்க நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அவளே அளந்திருந்தாள். வீட்டிலிருந்த பழைய புல்வெட்டும் வண்டியின் சக்கரம் கிழித்த இரண்டு தடமும் இந்த மழைக்கு முழங்கால் ஆழ ஓடையாகிவிட்டன. மழைநீர் அடித்துப்போகும் மண் சரிவின் அடியில் இருக்கும் கீழ்வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். கீழ்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து கதவைத் தட்டுவார்.

அந்தப் பழைய வண்டிதான் மூன்று வாரத்துக்கு முன் ஆளில்லாமல் இறங்கியது. சரிவில் கணவன் சீட்டிலிருந்து சறுக்கி விழுந்தான். சீட்டில் ஆளில்லாவிட்டால் தானே நின்றுவிட வேண்டிய எஞ்சின் நிற்கவில்லை. பிளேடு சுழலச் சுழல வண்டி கீழே போய்த் துணிக்கொடி கட்டிய கம்பத்தில் மோதியது. கம்பத்துக்கு இரண்டு எட்டு தள்ளி அவள் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்று போனவள் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அந்த வண்டியைச் சர்வீஸ் செய்த இந்தக் கடைக்கு அவள் மூன்று முறை போன் செய்து மெக்கானிக்கைத் திட்டிக் கிழித்திருந்தாள். "சர்வீஸ் பண்ணீங்களா, இல்ல சும்மா துடைச்சு அனுப்பிட்டீங்களா? ஒரு உயிர் போயிருந்தா யாரு பதில் சொல்லுவா?" அவர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. "வண்டியை அனுப்புங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். கணவன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். "நல்லாக் கேளு" என்றும் சொன்னான்.

இப்போது அந்த மெக்கானிக் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு விரல் நீளச் செம்புக் கம்பியை விற்பனை மேஜையில் வைத்தார்.

"பழைய வண்டியைப் பிரிச்சேன்மா. ஆள் எழுந்தா எஞ்சினை நிறுத்தற ஸ்விட்ச் சீட்டுக்கு அடியில இருக்கும். அதோட ஒயரைப் பிடுங்கி, இந்தக் கம்பியால ரெண்டு முனையையும் சேர்த்து முறுக்கியிருக்காங்க. இது எங்க வேலை இல்ல."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கம்பியைப் பார்த்தான்.

"கல்லு பொறுக்க இறங்கறப்பல்லாம் எஞ்சின் நின்னு போச்சு" என்றான். "ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணி..."

"தெரிஞ்சுமா நல்லாக் கேளுன்னு சொன்னீங்க?"

"சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

அவளுக்கு மலைப்பாதையில் குறுக்கே வண்டியை விடுகிறவர்களிடம்கூட இப்படிக் கோபம் வந்ததில்லை. அவர்கள் அந்நியர்கள். இவன் மூன்று வாரம் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, வேறொருவர் திட்டு வாங்குவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

"இவரை நான் வீட்டுக்குக் கூப்பிட்டா திட்டினேன்?" மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என் மேல தப்பு. மன்னிச்சுக்கங்க."

"விடுங்கம்மா. அந்த நிலைமையில யாரா இருந்தாலும் திட்டியிருப்பாங்க."

அவள் தங்கை எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கணவன் முன்னால் வைத்தாள். "சொல்லுங்க."

அவன் சொன்னான். கம்பி என்ற இடத்தில் குரல் இறங்கியது. "கேக்கல அத்தான்" என்றாள் தங்கை. அவன் மறுபடி சொன்னான். தங்கை, "நான் கம்பத்தடியிலருந்து கிளிப் எடுக்க ரெண்டு எட்டு தள்ளிப் போனேன். அவ்வளவுதான் அத்தான், ரெண்டு எட்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

விற்பனையாளர் தொண்டையைச் செருமினார். "அப்போ பெரிய வண்டியே..."

"அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றாள் மெக்கானிக்கிடம்.

"அந்தச் சரிவுக்கு எந்த வண்டியும் வேணாம்மா. வெயிட்டு கூடக்கூட மண்ணை இன்னும் கிழிக்கும். வீட்டை ஒட்டின சமதரைக்கு இந்தச் சின்னது போதும். சரிவுல நல்லா வேர் ஓடற புல்லா வரிசை வரிசையாக் குறுக்கால நடுங்க. கையாலதான் அறுக்கணும். இடுப்பு ஒடியும்."

"ஒடியட்டும்" என்றாள் அவள். "அவரு இடுப்புதானே."

சின்னதை எடுத்தார்கள். சாவியை அவள் பையில் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். அவள் கியரை மாற்றினாள்.

அடுத்த நான்கு ஞாயிறும் அவன் சரிவில் மண்டியிட்டுப் புல் நட்டான். உள்ளங்கை கொப்பளித்தது. தங்கை நான்காவது வாரம் வந்தாள். அத்தானோடு பேசவில்லை, அக்காவோடு காபி குடித்துவிட்டுப் போனாள். அக்காவும் அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை வந்தது. அந்தத் தடவை கீழ்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வரவில்லை. அதை அவன் பெருமையாகச் சொல்ல வந்தபோது, அவள் பஸ் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.