ஊசிக்கடியில் இருந்த துணி

என் வீட்டில் பதினோரு பழைய தையல் மிஷின்கள் இருக்கின்றன. எனக்கு ஒரு பட்டன்கூடத் தைக்க வராது. வாரமெல்லாம் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்கடையில் துருவேறிக் கிடக்கும் மிஷினைத் தூக்கி வந்து, கழற்றித் துடைத்து ஓடவைத்துவிட்டால் முதுகுவலி மறந்துபோகும்.

“நாங்க படுக்க இடமில்ல, மிஷினுக்குக் குடித்தனம் வச்சிருக்காரு,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள் என் மனைவி.

ஒவ்வொரு மிஷினிலும் ஒரு அட்டை தொங்கும். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது. என்ன பழுது, என்ன செய்தேன் என்று எழுதிக் கட்டுவேன்.

போன ஞாயிறு மத்தியானம் ஒரு அம்மா பையும் கையுமாக வந்தார். இரும்புக்கடைக்காரர் வழி சொல்லி அனுப்பினாராம்.

“தம்பி, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மிஷின் எடுத்தீங்களாமே. பலகையில சூட்டுத் தழும்பு இருக்கும். இஸ்திரிப் பெட்டிய மறந்து வச்சுட்டா எம் மக, கழுத.”

“மகளுக்கு வேணுமாக்கா?”

“மகளோடதுதான். அவ இல்ல தம்பி.”

தைத்துக்கொண்டே இருந்தவள் நூல் தீர்ந்து, “இதோ வந்துடறேம்மா” என்று கடைக்கு எழுந்து போயிருக்கிறாள். சாலையில் லாரி. பிறகு மருமகன் வீட்டைக் காலி செய்தபோது, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மிஷினை எடைக்குப் போட்டுவிட்டார்.

“மிஷின் வேணாம் தம்பி. ஊசிக்கடியில ஒரு சட்டைக்கை இருந்துச்சுல்ல, பாதி தச்சபடி? அது மட்டும் குடுங்க.”

பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தார். மகளின் புடவை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துக் கையாலேயே தைத்தது. ஒவ்வொரு தையலும் அரிசி அளவு. நட்டநடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பஞ்சு தெரிந்தது.

“அவ விட்ட தையலப் பிரிக்காம அப்படியே இங்க வச்சுடுவேன்.”

அவர் உள்ளே போய் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்தார். மகளின் மிஷினை இரண்டு தடவை கடந்து போனார். நான்தான் கை காட்டவேண்டியிருந்தது. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாய்விட்டுப் படித்தார்.

“பலகையில் தழும்பு. தேய்த்து வார்னிஷ் அடித்தேன். ஊசிக்கடியில் கந்தல். வெட்டி எடுத்தேன்.”

அட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“கந்தலா?”

“தெரியாம எழுதிட்டேன்க்கா.”

“எங்க அது?”

அதை வைத்துத்தான் மிஷினையே துடைத்தேன். எண்ணெய் ஊறியதும் வெந்நீர் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. மறைக்காமல் சொன்னேன். பற்றவைத்தவள் என் மனைவிதான். ஆனாலும் அவள் மூலையில் மண்டியிட்டு, துடைக்கிற துணி போடும் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். சக்கரத்தைத் தள்ளி மெல்ல மிதித்தார். ஊசி ஏறி இறங்கியது.

“சத்தமே வரலையே தம்பி.”

“எண்ணெய் போட்டேன்க்கா.”

“லொடக்கு லொடக்குன்னு கெடக்கும். தெருமுனையில வரும்போதே தெரியும், புள்ள தச்சுக்கிட்டு இருக்கான்னு.”

இன்னும் நாலு மிதி மிதித்தார், காதைச் சாய்த்துக்கொண்டு. பிறகு காலை எடுத்துவிட்டுப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். ஒரு முனையை என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“மிஷினையாவது எடுத்துட்டுப் போங்கக்கா. நானே தூக்கிட்டு வந்து வச்சுடறேன்.”

“எதுக்குத் தம்பி,” என்றார், செருப்பைத் தேடிக்கொண்டே. “நல்ல மிஷின். வச்சுக்கோங்க. இது அவளோடது இல்ல.”