தொப்பி வாங்கிப் போனவர்கள்

...கோல்ஃப் கிளப் வாசலில் ஏற்றின அந்தப் பலூனையாவது இறக்கித் தொலைத்திருக்கலாம், காற்றுப் போய்ச் சுருங்கி ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டு, பாகலூர் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி... யார் இறக்குவது, ஏற்றிவிட்ட மெட்ராஸ்காரன் திறப்பு விழா அன்றைக்கே காசை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டான், என்று நினைத்தபடியே ஃபகருன்னிசா அடுத்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்த பையன் அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்கு முந்தினவர் ஊருக்குப் போயிருந்தார். அதற்கும் முந்தினவர், பாவம், அவரே எடுத்து, எதுக்கும்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க, தொப்பியை வேணும்னா திருப்பிக் குடுத்துடுறேன் என்றார். தொப்பியை யார் கேட்டார்கள்? வெள்ளைத் தொப்பி, பச்சை எழுத்து, ஓசூர் பூராவும் அந்தத் தொப்பிதான், தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர் தலையில்கூடப் பார்த்தாள். தொப்பி நன்றாகத்தான் பரவியிருக்கிறது, கோல்ஃப்தான் பரவவில்லை. எதிரே மேனேஜர் பாஸ்கரன் டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக நடந்துகொண்டிருந்தான், யாராவது வர்றாங்களாக்கா என்று கண்ணாலேயே கேட்டான், வாடிக்கையாளர் முன்னால் மேடம், மற்ற நேரம் அக்கா, அந்த மட்டுக்கும் நல்ல பையன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் மறுபடி நடந்தான்.

அவனைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை, திறப்பு விழாவுக்கு எப்படிக் கூட்டம் சேர்த்தான்! பொய்க்கால் குதிரை, பேண்டு வாத்தியம், வீட்டளவு பெரிய பலூன் கோல்ஃப் பந்து மாதிரியே குழிகுழியாக வரைந்து, ஒரே அடியில் குழியில் போட்டால் மோட்டார் சைக்கிள் என்று மைக்கில் அலறவிட்டு... கண்ணைப் பறிச்சிட்டோம்னா காலு தானா வரும்க்கா, என்பான், மிக்சி கம்பெனியில் விற்பனைக்கு இருந்தவன், ஊர் ஊராகக் கண்ணைப் பறித்தவன். வரத்தான் வந்தார்கள், சிப்காட்டில் இருக்கிற சூப்பர்வைசர், இன்ஸ்பெக்டர், சார்ஜ்மேன் எல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு, பிரியாணி தின்று, மட்டையைப் பிடித்து, பந்தை விட்டுப் புல்லைப் பெயர்த்து, சிரித்து, இலவசப் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. முதல் ஞாயிறு திடலில் நிற்க இடமில்லை. அப்புறம் பாதி, அப்புறம் அதிலும் பாதி, போன வாரம் புல் வெட்டுகிற மாரம்மாவும் அவளோடு வந்த பெண்களும்தான் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பாஸ்கரன் மண்டையை உடைத்துக்கொண்டான், விளம்பரம் பத்தலை, அடுத்து யானை கொண்டு வரலாமா என்றான். அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி என்று சுழல்கிற மனிதனை ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு வா என்றால் எப்படி வருவான், அதிலும் கரண்டு வெட்டு வந்ததிலிருந்து ஒரு கம்பெனிக்கு ஞாயிறு லீவு என்றால் இன்னொன்றுக்குச் செவ்வாய். இரண்டு வாரம் விட்டு மூன்றாம் வாரம் வருகிறவனை, பயிற்சி கொடுக்கிற பட்டாளத்து மாஸ்டர், போன வாரம் சொன்னதைச் செய்து காட்டு என்பார். நாற்பது ஆளை வேலை வாங்குகிற மனுசன் மட்டையோடு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழிப்பான், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். அடுத்த வாரம் அவனுக்கு லீவே இருந்தாலும் வருவானா? ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், ஷிப்டு கேட்டு எழுதிக்கலாமா சார் என்று. ஷிப்டு பாத்து விளம்பரம் பண்ண முடியுமாக்கா என்று சிரித்துவிட்டான்.

இன்றைக்கும் ஞாயிறுதான், காலையில் முதலாளி வெங்கடப்பன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினார், கன்னடமும் தமிழுமாக, ஆனால் தெளிவாக. நாலு மணிக்கு பிளாட் போடுகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். திடலில் இருபது பேர் பந்து அடித்துக்கொண்டிருந்தால் அவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாராம், இல்லையென்றால் நிலத்தைப் பேசி முடித்துவிடுவாராம். பாஸ்கரனுக்கு வேர்த்துவிட்டது. அவள் பேர் கொடுத்தவர்கள் நோட்டை எடுத்து முதல் நம்பரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கென்ன, மிக்சி இல்லையென்றால் கிரைண்டர். அவளுக்கு இந்த நாற்காலி, இந்த டெலிபோன், இதை நம்பி எடுத்த அந்த ஒற்றை அறை வீடு. கிளப்பை மூடினால் கிருஷ்ணகிரிதான். அவள் கணவர் கரீமின் அண்ணன் குலாம் ரசூல் வீட்டு மாடி அறை அவளுக்காகக் காலியாகவே கிடக்கிறது, தனியா எதுக்கும்மா கஷ்டப்படுற, வந்துடு, என்று கரீம் மவுத்தானதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்டவர் இல்லை. பக்ரீத் தவறாமல் கறி வரும், துணி வரும். ஆனால் அந்த வீட்டில் அந்த மனிதருக்குச் சோறு போட்டு, அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு... முடியாது, அது மட்டும் முடியாது ரப்பே, என்று அவள் அடுத்த நம்பரை அழுத்தினாள்.

இந்தத் தடவை மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை. எடுத்த குரல் ரகசியமாக, யாருங்க, என்றது. ஃபகருன்னிசாவுக்குப் பிடரியில் சில்லென்றது. இந்தக் குரலை அவளுக்குத் தெரியும், ஆளைத் தெரியாது, குரலைத் தெரியும், ராத்திரி ஷிப்டுக்காரன் வீட்டுப் பெண்ணின் பகல் குரல். குக்கர் விசில் போடாமல் சோறு வடிக்கிறவள், ஜன்னலுக்குப் போர்வை கட்டுகிறவள், பிள்ளைகளை வெயிலில் தெருவுக்குத் துரத்துகிறவள், டெலிபோனைத் துண்டு சுற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். வெள்ளைச்சாமி இருக்கிறாரா, கோல்ஃப் கிளப்பில் இருந்து பேசுகிறேன் என்றாள். எதிர்முனையில் மூச்சு மாறியது. நான் அவரு வீட்டுக்காரி ஜெயமணி பேசுறேன்க்கா என்றாள், மதுரைப் பக்கத்துப் பேச்சு. வெள்ளைச்சாமி அந்தத் தொப்பியை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம், யாரையும் தொடவிடுவதில்லையாம், மொட்டை மாடியில் குடையைத் திருப்பிப் பிடித்து வீசி வீசிப் பார்க்கிறாராம், வர வேண்டும் வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறாராம், இந்த வாரம் நைட்டு, ஞாயிறும் ஓவர்டைம். சொல்லிவிட்டு ஜெயமணியே கேட்டாள்.

"எழுப்பட்டுமாக்கா? இப்பத்தேன் கண்ணசந்தாரு. நீங்க வரச் சொன்னீகன்னா சந்தோசமாத்தேன் வருவாரு."

பாஸ்கரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், சொல்லுங்க, சொல்லுங்க என்று உதடு அசைந்தது. எழுப்பாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அல்லாவுக்குத் தெரியும், அதைத்தான் சொல்ல நினைத்தாள், அந்த நொடியில் கிருஷ்ணகிரி வீட்டு மாடிப்படி கண்ணுக்குள் வந்து நின்றது, சரிம்மா, எழுப்புங்க, என்று தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டாள். பாஸ்கரன் கையைத் தட்டினான். அவள் போனை வைத்தாள்.

அடுத்த நம்பர்... அடுத்த நம்பர் எது, எழுத்து ஓடவில்லை. கரீமும் இப்படித்தான் படுத்திருந்தார், போர்வை கட்டின இருட்டில், வாயைத் திறந்துகொண்டு. குலாம் ரசூல் காரை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து இறங்கினார், புதுச் செருப்புக்கடை திறப்பு, கிருஷ்ணகிரி ரவுண்டானாப் பக்கம், சீரியல் விளக்கு, மைக்செட், முதல் நாளே கூட்டம் நிற்கணும், சொந்தத் தம்பி நிக்கலைன்னா நல்லாயிருக்குமா, எழுப்பும்மா. ராத்திரி ஷிப்டு இருக்குதுங்க, காலையிலதான் வந்தாங்க, என்று நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள், ஆமாம் நின்றாள், அவர் அவளைத் தாண்டிக் குரல் கொடுத்தார். கரீம் எழுந்து சிரித்துக்கொண்டே முகம் கழுவினார், காரில் வேண்டாம், திரும்பி வர வேண்டுமே என்று ஸ்கூட்டரை எடுத்தார். கடையில் சாயங்காலம் வரைக்கும் நின்றார், வந்தவர்களுக்கெல்லாம் ஷர்பத் கொடுத்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். டூட்டிக்குத் திரும்பும்போது சூளகிரிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த லாரி. பிரேக் போட்ட தடமே இல்லை என்றார் போலீஸ்காரர். தடம் இல்லை என்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், அதை அவர் சொல்லவில்லை, அவள் புரிந்துகொண்டாள். மையத்து வீட்டில் குலாம் ரசூல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், எல்லோரும் அவரைத்தான் தேற்றினார்கள். எழுப்பினது நீங்கதானே என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, கேட்காத அந்த வார்த்தையோடு அவர் அனுப்பின கறியைத் தின்றாள். இப்போது நான் என்ன பண்ணிவிட்டேன், என்ன பண்ணிவிட்டேன்... எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, மறுபடி ஜெயமணி நம்பரை அழுத்தப் போனாள். வெளியில் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

வெள்ளைச்சாமி தொப்பியோடுதான் வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று, தலைமுடி ஈரமாக, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பாஸ்கரன் ஓடிப்போய்க் கைகுலுக்கி, மட்டையைக் கையில் கொடுத்து, வாங்க சார், வாங்க, என்று திடலுக்கு இழுத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்தாள். முதல் பந்தை விட்டுவிட்டார். இரண்டாவது பட்டு எங்கேயோ போனது, எங்கே போனது என்று அவர் தேடவே இல்லை, மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே கண் மூடினார், நின்றபடியே ஒரு ஆட்டம் ஆடி விழித்தார். அவள் வெளியே போனாள். எப்படி வந்தீங்க, எவ்வளவு நேரம் தூங்கினீங்க, என்று கேட்டாள். கெலவரப்பள்ளி பக்கமிருந்து வர்றேன்மா, ரெண்டு தடவை வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு, என்று சிரித்தார். திரும்பிப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, திரும்பிப் போவதும் அதே ரோடுதானே, அதே வண்டிதானே. எழுப்பிவிட்ட ஒருவரைத் திருப்பி எங்கே அனுப்புவது?

"உள்ள வாங்க. சோபா இருக்குது. கொஞ்சம் கண்ண மூடுங்க, டூட்டி நேரத்துக்கு நான் எழுப்பி விடுறேன்."

அக்கா, என்னக்கா பண்றீங்க, இருக்கிறதே ஒரு ஆளு, என்று பாஸ்கரன் பின்னாலேயே வந்தான், அழுதுவிடுவான் போலிருந்தது. முதலாளி வர நேரம், சோபா விருந்தாளிக்குப் போட்டது, இத்தாலி சோபா. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வெள்ளைச்சாமி கூச்சப்பட்டார், பரவாயில்லைம்மா என்றார், உட்கார்ந்துமட்டும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார், உட்கார்ந்த மாத்திரத்தில் சரிந்தார். தொப்பி முகத்தின் மேல் விழுந்தது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், தலைக்கு மேலே மட்டையோடு சிரிக்கிற வெள்ளைக்காரன் போஸ்டர் இருட்டில் மறைந்தது. வெயிலில் பட்டாளத்து மாஸ்டர் தனியாக நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார், கூட இரண்டு பேர், ஒருவர் கையில் அளவு டேப்பு. காலியான திடலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். சோபாவைப் பார்த்து, யாரு இது, என்றார். நியூ மெம்பர் சார், என்றான் பாஸ்கரன், தரையைப் பார்த்துக்கொண்டு. ஏனப்பா இது, என்ன இதெல்லாம், என்று அவர் கன்னடமும் தமிழுமாகக் குரலை உயர்த்தப் போனார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்திருக்காரு."

அவர் அவளைப் பார்த்தார், தூங்குகிறவரைப் பார்த்தார், கோபப்படத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள், ஆனால் வந்தவர்களிடம் வெளியே போகலாம் என்று கையைக் காட்டி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார். டேப்புக்காரர் வேலி ஓரமாகக் குனிந்து அளக்க ஆரம்பித்தார். பாஸ்கரன் டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், முடிந்தது, வீட்டுக்காரம்மாவிடம் காலி பண்ணுவதாகச் சொல்ல வேண்டும், பாத்திரம் பண்டத்தை எந்த பஸ்ஸில் ஏற்றுவது... அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதாள். டெலிபோன் முனகிய உடனே எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ரகசியமாக ஜெயமணி, வந்து சேந்துட்டாராக்கா, மனசே சரியில்லை, என்றாள். தூங்கும் கணவன் வீட்டில் இல்லாதபோதும் அந்தக் குரல் உயரவில்லை. வந்துட்டாரும்மா, தூங்குறாரு, நான் இருக்கேன், என்றாள் இவளும் ரகசியமாகவே.

போனை வைத்தபிறகும் கையை எடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் கரீம் வண்டியை எடுத்தபோது குலாம் ரசூல் என்ன சொல்லியிருப்பார்? கொஞ்சம் படுத்துட்டுப் போடா என்று சொன்னாரா? மாடி அறையில் பாய் கிடந்ததே, அதைக் காட்டினாரா, கரீம்தான் கேட்காமல் போனாரா, இல்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு தம்பி கிளம்பினதையே கவனிக்கவில்லையா? எத்தனை வருசம், ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை, எழுப்பினார் என்பது மட்டுமே அவளுக்குப் போதுமாக இருந்தது. இனி அந்த வீட்டில்தான் இருக்கப் போகிறாள், கேட்கலாம், சோறு போடும்போது ஒருநாள் கேட்டுவிடலாம். சொன்னேன்மா, அவன் கேட்கலை, என்று அவர் சொல்லிவிட்டால்? சோபாவில் வெள்ளைச்சாமி புரண்டு படுத்தார், அவள் எழுந்து போய்த் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். சொன்னார் என்றால் இத்தனை வருசத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லவில்லை என்றால் அந்தக் கைக்கு எப்படிச் சோறு போடுவது, இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.