மோந்த்ரவோவின் குடித்தொகை

சல்லி என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த தங்கத்துரை, மூதூருக்கு ஓடிய பயணிகள் படகில் நெடுங்காலம் படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் முகம் மழிப்பார். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்று பார்த்த பின்னரே சட்டை அணிவார். தேநீருக்குச் சீனி சேர்க்கமாட்டார். மனைவி நல்லம்மா இறந்தபின் அவருடைய வழக்கங்களில் ஒன்று குறைந்தது, ஒன்று கூடிற்று. கோயிலுக்குள் போவதை நிறுத்திக்கொண்டார். மாலைதோறும் கைப்பேசியின் முன் அமர்ந்து, தாம் ஒருபோதும் கண்டிராத ஓர் ஊரின் வரலாற்றை மகனிடம் கேட்கத் தொடங்கினார்.

அவ்வூரின் பெயர் மோந்த்ரவோ. சுவிஸ் நாட்டின் மேற்கே, பிரெஞ்சு மொழி பேசுவோர் வாழும் மலைச்சரிவில் அமைந்த சிறிய ஊராட்சி. அங்குள்ள பாற்கட்டி ஆலையொன்றில் ஒரே மகன் லதீசன் இரவு வேலை செய்துவந்தான். அகதியாக ஏற்கப்பட்டவன் தான் விட்டுவந்த நாட்டுக்குத் திரும்பலாகாது என்பது அந்நாட்டின் விதி. ஆதலால் தாய் இறந்த செய்தி கேட்டும் அவனால் வர இயலவில்லை. குடியுரிமை கிடைத்தால் புதிய கடவுச்சீட்டில் வரலாம். அதற்கு முதலில் ஊராட்சியின் குழு இணங்கவேண்டும். விண்ணப்பித்தவனை நேரில் அழைத்து, ஊரின் வரலாற்றையும் நடப்பையும் அறிந்திருக்கிறானா என்று அக்குழுவினர் வினவுவர்.

நல்லம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவளுடைய தங்கை தங்கேஸ்வரியின் மகன். ஆயினும் முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கரைத்துச் செய்யும் அந்தியேட்டியைத் தங்கத்துரை நடத்தவிடவில்லை. அப்பகுதிச் சைவர்கள் அக்கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றடியில் செய்து முடிப்பர். “தாய்க்கு மகன்தான் செய்யவேணும். அவன் வருவான்” என்றார். சாம்பற்குடம் முற்றத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இருந்தது. இரண்டு மாரி அதன்மேல் பெய்து ஓய்ந்தன. சாவுத் துடக்குக் கழியாத வீட்டுக்காரர் என்பதால், அம்மன் திருவிழாவின் போதும் அவர் வெளி மணலிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பினார்.

“ஊர் எப்பிடி எரிஞ்சது, சொல்லு பாப்பம்” என்று அன்று மாலையும் கேட்டார்.

“பேக்கரி அடுப்பில இருந்து பத்தினது அப்பா. கோயிலைத் தவிர எல்லாம் போச்சு. முந்தி மர வீடுகள். பிறகுதான் கல்லால கட்டினவை.”

“அதுக்கு முதல் ஆர் ஆண்டது?”

“மடத்துச் சாமிமார்.”

“சனம்?”

“மணிக்கூட்டு வேலை வந்த காலத்தில எண்ணூறுக்குக் கிட்ட. பட்டறையள் மூடினவுடன எல்லாரும் வெளிக்கிட்டுட்டினம். இப்ப முந்நூற்றிப் பதினொண்டு.”

“அதுக்குள்ள நீயும் அடக்கமோ?”

“ஓம் அப்பா, என்னையும் எண்ணித்தான்.”

இவ்விடையைக் கேட்கும்போதெல்லாம் தங்கத்துரைக்குச் சிறிது ஆறுதல் உண்டாகும். சல்லி வாக்காளர் இடாப்பிலிருந்து மகனின் பெயர் நீக்கப்பட்டு நெடுநாளாயிற்று. உலகில் அவனையும் சேர்த்து எண்ணுகின்ற ஓர் ஊராவது இருந்தது.

சமைத்துக் கொடுக்க வந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தங்கேஸ்வரி குரலை உயர்த்தினாள். “ஏன் அத்தான், ஆடு எத்தனை, கோழி எத்தனை எண்டும் கேளுங்கோவன்.”

“அங்க மாடுதான் கூட” என்றார் அவர், சிரிக்காமல்.

“அவன் அந்த ஊர்ச் சரித்திரம் படிச்சு முடியுமட்டும் என்ர அக்கா தகரக் கொட்டிலுக்குள்ளயோ கிடக்கிறது? கண்டவை நிண்டவை எல்லாம் என்னட்டையெல்லோ கேக்கினம்.”

“கேக்கிறவைக்குச் சொல்லு, அவ இன்னும் வீட்டில இருக்கிறா எண்டு. அவ, நான், தம்பி, நாங்கள் மூண்டு பேர்தான் இந்த வீட்டில. கிரியை முடியுமட்டும் மூண்டு பேர்தான்.”

கைப்பேசியில் இதெல்லாம் லதீசனுக்கும் கேட்டது. தந்தை இவ்வாறு சொல்வதை அவன் பலமுறை கேட்டிருந்தான்.

குழு அவனை அழைத்தது. முடிவைக் கடிதத்தில் அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பியதென்று அன்று சுருக்கமாகக் கூறினான். மேற்கொண்டு விவரம் சொல்லவில்லை. சில கிழமைகளின் பின் ஒரு மத்தியானம் அழைத்தான். அந்நேரத்தில் அவன் அழைப்பதில்லை.

“கடிதம் வந்தது அப்பா. இல்லையெண்டு போட்டிருக்கினம்.”

“சரித்திரத்தில பிழை விட்டிட்டியோ?”

“இல்லை. நெருப்பு, மடம், மணிக்கூட்டு வேலை, சனத்தொகை எல்லாம் சரியாச் சொன்னனான். மூண்டு பேர் இருந்தவை. ஒரு வயது போன மனுசி எனக்குத் தண்ணியும் ஊத்தித் தந்தவ. எல்லாம் முடியிற நேரம் அவதான் சிரிச்சுக்கொண்டு கேட்டவ, உங்கட வீட்டில எத்தனை பேர் எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“மூண்டு பேர் எண்டிட்டன்.”

தங்கத்துரை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்ர பதிவில நான் தனி ஆள். உடன கடதாசியளைப் புரட்டத் தொடங்கிட்டினம். ஆரையோ களவா வச்சிருக்கிறன் எண்டு நினைச்சிருப்பினம். அப்பாவும் அம்மாவும் ஊரில எண்டன். அம்மா செத்ததாயெல்லோ எழுதிக் கிடக்கு எண்டு கேட்டினம். ஓம், ஆனா கிரியை இன்னும் முடியேல்லை எண்டன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை.”

“விளங்கப்படுத்தியிருக்கலாமே தம்பி.”

“அந்தப் பாசையில அதுக்குரிய சொல்லு எனக்குத் தெரியாது அப்பா. மடத்தைப் பற்றிச் சொல்லத்தான் படிச்சனான்.”

பொய் சொன்னானென்று குழு எழுதியிருக்கவில்லை. அவனுடைய வாழ்வின் நடுவிடம் இன்னும் மோந்த்ரவோ ஆகவில்லை என்று மரியாதையான சொற்களில் எழுதியிருந்தது. அதை அவன் ஒருமுறை பிரெஞ்சில் வாசித்துப் பின் தமிழிற் சொன்னான்.

“நான் இஞ்ச சொல்லிச் சொல்லித்தான் உன்ர வாயில அது வந்தது” என்றார் தங்கத்துரை.

“இல்லை அப்பா. கேட்டவுடன தானா வந்தது. உண்மையைச் சொல்லுறன் எண்டுதான் நினைச்சனான்.”

“திருப்பி எப்ப கேக்கலாம்?”

“கொஞ்ச வருசம் செல்லும். அதுக்கிடையில இந்த ஊரைக் கீழ் ஊரோட சேர்க்கப் போகினமாம். சனம் காணாதாம். பிறகு மோந்த்ரவோ எண்டொரு ஊராட்சி இராது. புது ஊருக்குப் புதுச் சரித்திரம் படிக்கவேணும்.”

அப்பாலிருந்து ஒரு வண்டியின் இரைச்சல் கேட்டது. மீண்டும் தொடங்கலாமென்று சொல்லத் தங்கத்துரை நினைத்தார்; தம் வயதை எண்ணிப் பார்த்தார்; சொல்லவில்லை. அவன் வருவான் என்று தாம் காத்திருந்த காத்திருப்பே அவன் வருகையைத் தடுத்துவிட்டது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அதை அவனிடம் சொல்வதனால் யாதொரு பயனுமில்லை.

“தம்பி, இனி ஆர் கேட்டாலும் வீட்டில ஒராள் எண்டு சொல்லு.”

“ஒராளோ? அப்ப நீங்கள்?”

“என்னையும் சேர்க்காதை. பதிவில என்ன கிடக்கோ அதைச் சொல்லு. சொல்லிப் பழகு.”

“அப்பா...”

“இரவிரவா வேலை செய்தனி, போய்ப் படு.”

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் முற்றத்துக் கொட்டிலடிக்குப் போனார். தங்கேஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

“என்னவாம் அத்தான்?”

“அவன் வரமாட்டான். ஐயருக்குச் சொல்லிவிடு பிள்ளை. வாற புதன்கிழமை கன்னியாவுக்குப் போவம். கிரியையை நானே செய்யிறன்.”