பாட்டிலில் இல்லாத பெயர்

என் கணவர் எமெரிக் த செரின்யாக் பிறப்பால் பிரபு. கையில் இருந்ததோ பாதி இடிந்த மாளிகையும் அதையொட்டிய சிறு திராட்சைத் தோட்டமும்தான். நான் பெரின், அதே ஊர் ரொட்டிக்கடைக்காரர் ரிவோவின் மகள். எமெரிக் டிராக்டரில் ரொட்டி வாங்க வரும்போதெல்லாம் என் அப்பா கிண்டல் செய்வார்.

"பிரபுவே, குதிரை எங்க?"

"வெளிய நின்னு டீசல் குடிச்சிட்டிருக்கு, ரிவோ ஐயா."

அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம்.

பட்டத்தை அவர் பெரிதாக நினைத்ததில்லை. செரின்யாக் என்ற குடும்பப் பெயர் அப்படியல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய முன்னோர்கள் தலையைப் பறிகொடுத்தார்கள். பிறகு வேர்ப்பூச்சி திராட்சைக் கொடிகளையெல்லாம் தின்று தீர்த்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி நட்டார்கள். இத்தனையிலும் தப்பியது பெயர் ஒன்றுதான் என்பார். எங்கள் வைன் பாட்டில்களில் அதைத்தான் அச்சிட்டோம்.

போன கோடையில் பாரிஸிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். எமெரிக்கின் பெரியப்பா மகன் அர்மான், குடும்பப் பெயரை ஒரு பெரிய மது நிறுவனத்துக்கு விற்றுவிட்டாராம். வைனுக்கு அந்தப் பெயரை இனி அவர்கள் மட்டுமே வைக்கலாமாம்.

"என் பேரை நானே போடக் கூடாதா?"

"வாசல்ல போடுங்க, கல்லறையில போடுங்க. பாட்டில்ல மட்டும் கூடாது, ஐயா."

எமெரிக் உடனே அர்மானுக்குப் போன் போட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல."

நீதிமன்றத்துக்குப் போனோம், தோற்றோம். நீதிபதி எங்களிடம் பரிவாகப் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டில்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிள்களை உரித்தோம். நான் கத்தியை நீட்டியும் வாங்காமல் எமெரிக் நகத்தாலேயே சுரண்டினார்.

பிறகு என் அப்பாவிடம் போய், "உங்க பேரை வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அவரைக் கிண்டல் செய்தே பழகிய அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

இலையுதிர்காலச் சந்தையில் 'ரிவோ' என்ற லேபிளோடு கடை போட்டோம். பெல்ஜியத்துக்காரப் பெண்மணி ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அட, இதுதான் வைன்! போன வாரம் செரின்யாக்னு ஒண்ணு வாங்கினேன். வாயில வைக்க முடியல. ஏதோ பிரபு குடும்பமாம். வெக்கமே இல்லாம விக்கிறாங்க!"

நான் வாயைத் திறந்தேன். எமெரிக் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிறுவனத்தைப் பற்றி வெளியில் எங்கும் பேசக்கூடாது என்று எங்கள் வக்கீலே எச்சரித்திருந்தார். எமெரிக்கின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"அப்படியா, அம்மா?" என்று சொல்லி அவள் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

அவள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். "ரிவோ... உழைக்கிறவங்க பேரு மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

வீடு திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று வழியெல்லாம் தேடினேன்.